சீனிமுகம்மதின் அலைக்கணக்கு

நம்மூர்களுக்கு ரீவி வந்த கையோடு ஓர் இனமும் வந்து சேர்ந்தது. அலைக்கணக்கர் என்று பெயர் வைப்போம். நீங்களும் பார்த்திருப்பீர்கள். யாராவது புதுப் பெட்டி வாங்கினால் போதும், கட்டவிழ்க்கும் முன்பே முற்றத்தில் வந்து நின்று, கையைப் புருவத்துக்கு மேலே பிடித்து, மேற்கே பார்த்து, மலையுச்சிக் கோபுரத்திலிருந்து புறப்பட்ட ரீவி அலை வழிநெடுக யார்யாரிடம் பறிகொடுத்து எவ்வளவு மெலிந்து உங்கள் கூரைக்கு வரும் என்று பெட்டியைப் போடாமலே சொல்லிவிடுவார். படம் வந்தால் அது அவர் கணக்கு. வராவிட்டால் குற்றம் உங்கள் பக்கத்து வீட்டுடையது.

மருதமுனையில் இந்த இனத்தின் தலைப்பிள்ளை சீனிமுகம்மது. "தகரக்கூரை கொஞ்சம் தின்னும். வெள்ளாமை ஈரமாக் கிடந்தா அதுவும் தின்னும். தென்னை இரிக்கே, அது பேய்த்தீனி தின்னும்" என்பார். கணக்குப் பிழைத்தால் என்ன செய்வார் என்கிறீர்களா? பிழைக்காது. புதிதாக ஒரு தின்னி சேரும், அவ்வளவுதான். ஜவுபர் வீட்டில் படம் புள்ளி புள்ளியாக விழுந்தபோது கொடியில் கிடந்த ஈரச் சாரனைக் கைகாட்டினார். சாரன் காய்ந்தும் புள்ளி போகவில்லை. காற்றில் உப்புக் கூடிவிட்டதாம்.

இப்படி ஊர்க் கூரைகளுக்கெல்லாம் கணக்குச் சொன்னவரின் சொந்த வீட்டிலேயே படம் தெளியவில்லை. முதலில் அதைப்பற்றி அவருக்கும் கவலையில்லை. மகள் நபீலா கொழும்புக்குப் போய்ப் பாடிவிட்டு வந்தாள், பாட்டு பெருநாள் பின்னேரம் ரீவியில் போகும் என்றார்கள். பிறகு மனுசனுக்குச் சோறு இறங்கவில்லை. புள்ளிக்குள் பிள்ளையின் முகத்தை எப்படித் தேடுவது? தின்னியைக் கண்டுபிடித்தார். அடுத்த வளவு நாச்சியாவின் தென்னை.

"ராத்தா, அந்த மரம் நிண்டா எங்கட புள்ளைர முகம் தெரியாது. வெட்டணும்."

"காய்ச்சு நிக்கிற மரம் தம்பி. அது என்னத்தச் செஞ்ச?"

"அலையத் தின்னுது."

"நான் ஊத்தின தண்ணியத்தான் அது குடிச்ச. வேற ஒண்டையும் தின்னல்ல."

அந்த மரத்து ஓலையில் கிடுகு பின்னித்தான் நாச்சியா சீவிக்கிறாள். ஆனாலும் நபீலாவைத் தூக்கி வளர்த்தவள் அவள்தான். பெருநாளன்று பெட்டியைப் போட்டுப் பார்த்து, படம் வராவிட்டால் வெட்டுங்கள் என்று கண்கலங்கச் சொன்னாள்.

பெருநாள் பின்னேரம் வீடு நிறையச் சனம். மரத்தடியில் கோடாலிக்காரர். பெட்டியைப் போட்டார்கள், ஒரே புள்ளி. சீனிமுகம்மது முகத்தைத் தொங்கப்போடவில்லை, கணக்குச் சரிவந்த சந்தோசம். மரத்தை எந்தப் பக்கம் சாய்ப்பது என்று காட்ட ஏணி வைத்துக் கூரையேறினார். ஓடு வழுக்கியது. விழாமலிருக்க அன்டனா பைப்பைப் பிடித்தார்.

உள்ளே சனம் கைதட்டியது. படம் கண்ணாடி போல வந்திருந்தது. என்னவென்று பார்க்க அவர் பைப்பை விட்டு ஏணிக்குத் திரும்பினார். படம் போயிற்று.

மனைவி ஸுலைஹா வாசலுக்கு ஓடிவந்தாள். "இஞ்சாருங்க, புடிச்சபடி நில்லுங்க. கைய எடுத்தாப் படம் போகுது."

"அப்ப மரம்?" என்றார் கோடாலிக்காரர்.

"மரத்த உடுங்க. இவர அசையாம நிக்கச் சொல்லுங்க."

பெருநாள் சட்டையோடு கூரையில் பைப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார் சீனிமுகம்மது. ஓட்டுக்குக் கீழே மகளின் குரல் எழுந்தது. ஊரே அவளைப் பார்க்கிறது, பெற்றவர் மட்டும் பார்க்கவில்லை. அவருக்கு அழுகை வந்தது.

"சிரிக்கிறாளா?" என்று மேலிருந்து கேட்டார்.

"ஓம், சிரிக்கிறா. கதைக்காதீங்க, படம் ஆடுது."

பாட்டு முடிந்ததும் நாச்சியா தென்னையடியிலிருந்து அண்ணாந்து பார்த்தாள். "கோடாலி போயிட்டு தம்பி. இனி இறங்குங்க."

மறுநாள் சந்தியில் அவர் என்ன சொன்னார் தெரியுமா? தென்னை தின்பதை ஓர் ஆள் நின்று ஈடுகட்டலாம் என்பது அவருக்கு முன்னமே தெரியுமாம். கணக்கில் இருந்ததாம்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் உங்கள் வீட்டில் ஏதும் தெளியாதபோது முதலில் அடுத்த வளவை எட்டிப் பார்க்கிற ஆள் நீங்களென்றால், ஓர் ஏணியும் வாங்கி வையுங்கள். உங்கள் பிள்ளை பாடும் நாளில் நாங்களெல்லாம் உள்ளே இருந்து பார்த்து, சிரிக்கிறாளா இல்லையா என்று உங்களுக்குச் சொல்கிறோம்.