சண்டைக்கு நடுவே ஒரு பென்சில்

கிராஃபிக் நாவலாசிரியர் என்றொரு இனம் நம்மிடையே உலவுகிறது. தெரியாத்தனமாக, "படக்கதை போடுறவரா?" என்று கேட்டுவிடாதீர்கள். உங்கள் பஸ் போகும்வரை வித்தியாசத்தை விளக்குவார். கல்யாணமான நாள் தொட்டு மாமனாருக்கும் விளக்கி வருகிறார், அவரும் சளைக்காமல், "பொம்மைப் புத்தகம் முடிஞ்சுதா மாப்பிள்ளை?" என்றே கேட்டு வருகிறார்.

எப்படி முடியும்? ஏழு வருஷமாக அவர் வரைவது சுயசரிதை. சாப்பாட்டு மேஜையில் பாதியை ஸ்கேனர் பிடித்துக்கொள்ள, மீதியில் மை காயாத பக்கங்கள் பரந்து கிடக்க, மனைவியும் மகளும் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட, அவர் ஜன்னலோரம் நின்று தம் தனிமையை ஒன்பது கட்டங்களாகப் பிரித்துக்கொண்டிருப்பார். எல்லாக் கட்டத்திலும் மழை. எல்லோர் கையும் பாக்கெட்டுக்குள். கேட்டால் குறியீடு என்பார். விரல் வரைய வராது, அவ்வளவுதான்.

மனைவி பொறுத்தாள், பொறுத்தாள், ஒருநாள் வெடித்தாள்.

"பிள்ளை ஸ்கூல் வாசல்ல ஒரு மணி நேரம் தனியா நின்னிருக்கா! கூட்டிட்டு வர மறந்துட்டு மழை வரைஞ்சுக்கிட்டு இருந்தீங்களா?"

"அப்படியே இரு! அந்தப் புருவத்தை மட்டும் இறக்கிடாதே," என்று அவர் பென்சிலைத் தேடினார்.

எந்த மனைவி அப்படியே இருப்பாள், நீங்களே சொல்லுங்கள்? மகளைக் கூட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள்.

வீடு வெறிச்சோடியது. மனிதர் உண்மையாகவே அழுதார், பாவம். பிறகு கண்ணாடி முன் போய் நின்று அழுதார். மூக்கு எப்படிச் சிவக்கிறது என்று தெரிய வேண்டாமா? நாலு தெரு தள்ளிப் போய்க் கூப்பிடத்தான் தோன்றவில்லை. அதற்குப் பதில், அவளே திரும்பி வருவதாக ஆறு பக்கம் வரைந்தார். அவருக்கு ஒவ்வொரு பக்கத்திலும் நாலு வசன பலூன். அவளுக்கு மொத்தமே ஒன்று: "தப்பு என்னோடதுதான்." படங்கள் பிரமாதமாக அமைந்துவிட்டன. பெருமை தாங்காமல் அவளுக்கே அனுப்பிவைத்தார்.

உடனே போன் வந்தது.

"இதுல நான் திரும்பி வந்துட்டேனே?"

"ஆமா! எப்படி வந்திருக்கு?"

"நல்லா வந்திருக்கு. இனிமே அவளோடயே குடும்பம் நடத்துங்க."

போனை வைத்துவிட்டாள். தம் முகம் இப்போது எப்படி இருக்கும் என்று பார்க்க, முதல் தடவையாக, அவருக்குத் தைரியம் வரவில்லை. செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு ஓடினார்.

சிரிக்கிறீர்கள். எனக்குக் கோடு போடக்கூட வராதே என்கிறீர்கள். சரி, போன வாரம் உங்கள் வீட்டில் நடந்த சண்டையை நண்பரிடம் விஸ்தாரமாகச் சொன்னீர்களே, அதில் எதிராளிக்கு எத்தனை வசனம் கொடுத்தீர்கள்?