இருபத்திரண்டு நிமிட ஜெபம்

கல்யாணம் முடிந்து பதினோரு நாளாகியும் கேசியாவின் கல்யாண வீடியோ திறக்கவில்லை.

வீடியோ எடுத்த இஸ்ரேல், சித்தூரில் தன் ஸ்டூடியோவில் உட்கார்ந்து மவுஸைத் தட்டித் தட்டி விரல் வீங்கியதுதான் மிச்சம். கோப்பு கம்ப்யூட்டரில் பத்திரமாக இருந்தது. தட்டினால் 'இதை இயக்க முடியாது' என்று ஒரே பதில்.

பதினெட்டு வருஷ அனுபவம். டேப் காலத்தில் ஒரு தாலிகூட இவர் கேமராவுக்குத் தப்பியதில்லை. துபாயில் வேலை பார்க்கும் மச்சான், 2009 கிறிஸ்துமஸுக்கு வந்தபோது கார்டு போட்டு ஓட்டும் புதுக் கேமரா ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். சனியன் அதில்தான் வந்து சேர்ந்தது.

இஸ்ரேலும் கேசியாவும் சேர்ந்த சபையில் ஜெப நேரத்தில் கேமரா ஓடக் கூடாது. மிஷனரி காலத்திலிருந்தே இதுதான் ஒழுங்கு என்பார்கள். மிஷனரி காலத்தில் ஏதய்யா வீடியோ என்று கேட்டால் முறைப்பார்கள். புதுக் கேமராவோ நிறுத்தினால் 'பீப்' என்று கத்தும். முந்தின கல்யாணத்தில் "ஜெபிப்போம்" என்றதும் இஸ்ரேல் நிறுத்த, அது கத்த, போதகர் ஞானசிங் கண்ணைத் திறந்து பார்த்த பார்வை இவருக்கு இன்னும் மறக்கவில்லை. அதனால் கேசியா கல்யாணத்தில் ஜெபம் தொடங்கியபோது கேமராவைத் தொடவேயில்லை. பீடத்துக்குப் பக்கத்தில், போதகரும் மணமக்களும் சபையும் ஒன்றாகத் தெரிகிற மாதிரி ஸ்டாண்டில் விட்டுவிட்டு, பயபக்தியோடு கண்ணை மூடிக்கொண்டார். போதகர் இருபத்திரண்டு நிமிடம் ஜெபித்தார். ஆமென் வருவதற்குள் பேட்டரி செத்துவிட்டது.

டிசம்பரில் சபைக்கு நூற்றைம்பதாவது ஆண்டு விழா. அதை இஸ்ரேல் எடுப்பதா, கிரேன் கேமரா வைத்திருக்கும் வேலூர்க்காரன் எடுப்பதா என்பதைக் கேசியா வீடியோ வந்த பிறகு முடிவு செய்யலாம் என்று கமிட்டி சொல்லிவிட்டது. சொந்தச் சபை விழாவில் வேலூர்க்காரன் படம் பிடிக்க, தான் பந்தியில் உட்கார்ந்து பார்ப்பதை நினைத்தாலே இஸ்ரேலுக்கு வயிறு எரிந்தது.

ஒளித்து மறைக்கிற சுபாவம் அவருக்கு இல்லை. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எல்லாரிடமும் உண்மையைச் சொன்னார்.

"நான் கண்ணை மூடிக்கினேன். கேமரா அதுபாட்டுக்கு ஓடிக்கினே இருந்துச்சு. ஜெபம் மொத்தமும் அதுல கீது. தொறக்கத்தான் மாட்டேங்குது."

கேட்டவர்கள் முகமெல்லாம் வெளுத்துப்போனது. நம் மேல் இவ்வளவு அக்கறையா என்று இஸ்ரேல் நெகிழ்ந்துபோனார்.

அடுத்த ஞாயிறு ஜெபப் பெட்டி நிரம்பி வழிந்தது. வேண்டுதலை எழுதிப் பெட்டியில் போட்டால் போதகர் ஒவ்வொன்றாக வாசித்து ஜெபிப்பார்; பிறகு சர்ச்சைக் கூட்டும் பொன்னியம்மா சீட்டுகளை அள்ளிக்கொண்டு போய் எரிப்பாள். அன்று போதகர் இரண்டு சீட்டைப் பிரித்தார், மனதுக்குள்ளே வாசித்தார், மடித்துவிட்டார்.

"இஸ்ரேலின் வீடியோவைக் குறித்துப் பல குடும்பங்கள் விண்ணப்பம் வைத்திருக்கிறார்கள். விவரம் வேண்டாம். கர்த்தர் அறிவார்" என்றார்.

சபை முழங்காலில் நின்று உருகி ஜெபித்தது. இஸ்ரேல் தேம்பித் தேம்பி அழுதார். இனி இதைத் திறக்காமல் ஓய்வதில்லை என்று அங்கேயே தீர்மானம் செய்தார்.

கேசியாவின் அம்மா ஞானமணி டீச்சரோ தங்கமான மனுஷி. ஒரு தூக்கு நிறைய வடை கொண்டுவந்து கொடுத்து, "அவசரமே இல்ல தம்பி. தொறக்காட்டி போவுது. பொண்ணு அமெரிக்கா போய்ச் சேர்ந்துட்டா, இனிமே வீடியோ என்னாத்துக்கு?" என்றார். அவருக்காகவாவது திறந்தே தீருவது என்று இஸ்ரேல் அந்த வடையைக் கட்டிக்கொண்டு மறுநாளே திருப்பதிக்கு பஸ் ஏறினார்.

திருப்பதியில் பவன்குமார் என்றொரு பையன் இன்டர்நெட் சென்டர் வைத்திருந்தான். ஐதராபாத்தில் சாஃப்ட்வேர் வேலை பார்த்தவன். மந்தநிலை வந்து கம்பெனி அவனை ஊருக்கு அனுப்பிவிட்டது. பல தேசத்து ஆட்கள் சம்பளம் வாங்காமல் கூடி எழுதும் இலவச வீடியோ ப்ளேயர் ஒன்றுக்கு அவனும் எழுதிக்கொண்டிருந்தான். இஸ்ரேலின் கோப்பைப் பார்த்ததும் அவன் முகத்தில் மாப்பிள்ளைக் களை வந்துவிட்டது.

"இந்த கேமரா புஸ்தகம் மொத்தமும் எழுதிட்டு, கடைசியாத்தான் பொருளடக்கம் எழுதுது அண்ணா. அதுக்குள்ள பேட்டரி போயிருச்சு. எங்க ப்ளேயர் பொருளடக்கம் இல்லைன்னா புஸ்தகத்தையே மூடிருது. தப்பு எங்களுதுதான். பர்வாலேது, பரவால்ல, பக்கம் பக்கமா புரட்டிப் படிக்கச் சொல்லிக் குடுக்கலாம்."

ஒரு வாரத்தில் படம் வந்தது. ஆனால் ஒரு பக்கத்தின் மேல்பாதியும் இன்னொரு பக்கத்தின் கீழ்பாதியும் ஒட்டிக்கொண்டு வந்தது. பொறு என்று பவன்குமார் சொன்னதைக் கேட்காமல் இஸ்ரேல் அதை சித்தூருக்குக் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டினார். அதில் மாப்பிள்ளை, மணப்பெண்ணின் தோழி யமுனா கழுத்தில் தாலி கட்டினார். யமுனாவின் அண்ணன்கள் ஸ்டூடியோவுக்கு வந்து நியாயம் கேட்டார்கள். சேதி அமெரிக்காவரை போய், கேசியா மாப்பிள்ளையோடு மூன்று நாள் பேசவில்லை.

இஸ்ரேல் மறுபடி பஸ் ஏறினார். இந்த முறை பவன்குமார், நார்வேயில் இருந்த ஒரு கூட்டாளிக்குக் கோப்பை அனுப்பினான். அந்த ஆள் திருத்தியதில் படம் நின்று, சத்தம் மட்டும் வந்தது. போதகரின் ஜெபம் கணீரென்று கேட்டது. கூடவே 'கறுக் மொறுக்' என்று ஒரு சத்தம். அதை நீக்க நார்வேக்காரர் எட்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் இது கோப்பின் கோளாறு இல்லை, சர்ச்சுக்குள் கேட்ட சத்தம் என்று எழுதினார். ஃபேன் சத்தமாக இருக்கும் என்று இஸ்ரேல் பதில் போடச் சொன்னார்.

மூன்றாவது திருத்தத்தில் படமும் சத்தமும் கைகோத்து வந்தன. தாலி கேசியாவின் கழுத்திலேயே ஏறியது. அதைப் பார்த்ததுமே இஸ்ரேல் பவன்குமாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். மீதியைப் பார்க்கப் பொறுமை இல்லை. நார்வேக்காரர் மட்டும், கடைசி இருபத்திரண்டு நிமிடம் என்ன நிகழ்ச்சி என்று கேட்டிருந்தார். ஜெபம் என்று எழுதினார்கள். அவரிடமிருந்து பதிலுக்கு ஒரு சிரிப்பு முகப் பொம்மை வந்தது. கூடவே ஒரு நல்ல சேதியும் வந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் சபை மண்டபத்தில் திரை கட்டினார் இஸ்ரேல். ஒரு குடும்பம் பாக்கியில்லாமல் வந்திருந்தது. ஆரம்பிக்கும் முன் மூன்று முறை ஃப்யூஸ் போனது. மூன்று முறையும் இஸ்ரேல் போட்டார்.

"உங்க ஜெபத்தால தொறந்துடுச்சு" என்றார் கை கூப்பி. "இன்னொண்ணு சொல்லணும். நம்ம வீடியோவை அந்த ப்ளேயர்காரங்க சாம்பிளா வெச்சுக்கினாங்க. இனிமே புதுசா எது செஞ்சாலும், நம்ம சபையை முதல்ல ஓட்டிப் பார்த்துட்டுத்தான் உலகத்துக்கு அனுப்புவாங்களாம்."

யாரும் கை தட்டவில்லை. ஞானமணி டீச்சர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

திரையில் தாலி கட்டினார்கள், பாட்டுப் பாடினார்கள். "கண்களை மூடி ஜெபிப்போம்" என்றார் திரையில் போதகர். படத்தில் எல்லாக் கண்களும் மூடின. அரை நிமிடம் போனது. ஒவ்வொரு கண்ணாகத் திறந்தது.

ஞானமணி டீச்சர் சம்பந்தியம்மாளின் சங்கிலியைத் தூக்கி, பின்பக்கம் திருப்பிப் பார்த்து, அசல் தங்கம்தானா என்று முத்திரை படித்தார். கமிட்டிப் பொருளாளர் கைக்குட்டையைப் பிரித்து முறுக்குத் தின்றார், கறுக் மொறுக். மாப்பிள்ளை செல்போனில் கிரிக்கெட் ஸ்கோர் பார்த்து மாமனாருக்கு விரலால் காட்ட, மாமனார் தலையில் அடித்துக்கொண்டார். யமுனாவின் அண்ணன்கள் பந்தியில் இடம் பிடிக்கப் பூனை நடை போட்டு வெளியே போனார்கள். போதகர் கண்ணீர் மல்க ஜெபித்துக்கொண்டே கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தார். கடைசிவரை கண் மூடியிருந்தவள் பொன்னியம்மா ஒருத்திதான். அவள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள்.

படம் முடிந்தது. விளக்கைப் போட்டபோது அத்தனை பேரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நூற்றைம்பதாவது ஆண்டு விழா கையை விட்டுப் போவது இஸ்ரேலின் கண்ணுக்கு நன்றாகவே தெரிந்தது.

"நான் இன்னா தப்பு செஞ்சேன்?" என்றார் குரல் உடைந்து. "நீங்க அத்தினி பேரும் சீட்டு எழுதிப் போட்டதாலதானே நான் இதுக்கு நாயா அலைஞ்சேன்?"

கடைசி வரிசையிலிருந்து பொன்னியம்மா துடைப்பத்தோடு எழுந்தாள்.

"எரிக்கறதுக்கு முன்னால நான் படிச்சேன் நைனா. பாஸ்டர் ஐயாவுதோட சேத்து நாப்பத்தோரு சீட்டு. எல்லாத்துலயும் ஒண்ணேதான் எழுதியிருந்துச்சு: 'ஆண்டவரே, அந்த வீடியோ தொறக்கவே கூடாது.'"