கோவாவில் ஜருகண்டி

திருப்பதியில் வீடு வைத்திருப்பவனுக்கு விடுமுறை என்று ஒன்று கிடையாது. உலகமே விடுமுறைக்கு எங்கள் ஊருக்கு வந்துகொண்டிருக்கும்போது நாங்கள் எங்கே போய்த் தொலைவது? விடிந்தால் ரயிலடியில் ஒரு சித்தப்பா இறங்குவார். அவருக்குக் காபி கொடுத்து, மலைக்கு அழைத்துப் போய், வரிசையில் சேர்த்துவிட்டு, அவருடைய செருப்பு, செல்ஃபோன், சித்தியின் கைப்பை எல்லாவற்றையும் மடியில் வைத்துக்கொண்டு நான் வெளியே உட்கார்ந்திருப்பேன். அவர் பெருமாளைச் சேவித்துவிட்டு வந்து, "ரொம்ப நல்ல தரிசனம்பா. உனக்கின்னா, பக்கத்துலயே கீற, தெனம் பாக்கலாம்" என்பார். நான் பார்த்து எத்தனை மாதம் ஆயிற்று என்று அவருக்கு யார் சொல்வது?

இதை இவ்வளவு கோபமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சித்தூரில் என்னோடு பள்ளியில் படித்தவர்கள் அடுத்த மாதம் கோவா போகிறார்களாம். வாட்ஸ்அப் குழுவில் ஒருவன் எழுதியிருக்கிறான்: "டேய், கேசினோ கப்பலுக்கெல்லாம் போய்ட்டு வந்தவன் நீதான். எங்களுக்கு நாலு டிப்ஸ் குடுடா." அதற்குக் கீழே வரிசையாகக் கண்ணில் நீர் வரச் சிரிக்கும் பொம்மைகள். யோசனை கேட்கிறவன் எதற்காகச் சிரிக்க வேண்டும்? சரி, கேட்டுவிட்டார்கள். நடந்ததை முழுசாகச் சொல்லிவிடுகிறேன். வேண்டிய யோசனையை இதிலிருந்து அவர்களே பொறுக்கிக் கொள்ளட்டும்.

என் மனைவி கஸ்தூரி, சித்தூர்ப் பக்கம் நகரியில் பிறந்தவள். எங்கள் பக்கத்து ஆறுகளில் தண்ணீர் ஓடியதைவிட மணல் லாரி ஓடியதுதான் அதிகம். அதனால் அவளுக்குத் தண்ணீர் என்றால் ஒரு ஏக்கம். கல்யாணமான புதிதில், மாமியார் வீட்டு விருந்தின் மயக்கத்தில், "உன்னை ஒருநாள் கப்பல்ல இட்டுக்கினு போறேன்" என்று சொல்லித் தொலைத்தேன். (அந்த வயதில் எதைத்தான் சொல்ல மாட்டோம்.) அவள் மறக்கவில்லை. இருபதாவது கல்யாண நாள் வந்தபோது, "கப்பல் இன்னும் கரைக்கு வர்லியா?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். அன்றைக்கே கோவாவுக்கு டிக்கெட் போட்டேன்.

பணஜியில் ஆற்றின் நடுவே கேசினோ கப்பல்கள் நிற்குமாம். உள்ளே ஆட்டம், பாட்டு, சாப்பாடு எல்லாம் உண்டாம். எனக்கும் உள்ளூர ஒரு ஆசை இருந்தது. நான் கணக்கு வாத்தியார். பகடையை உருட்டினால் ஆறு விழ என்ன வாய்ப்பு என்று வருடா வருடம் கரும்பலகையில் எழுதுகிறவன். நிஜப் பகடையை ஒரு தடவையாவது உருட்டிப் பார்க்க வேண்டாமா? எல்லாவற்றுக்கும் மேலே, வாழ்க்கையில் ஒருமுறையாவது, யாரையும் உள்ளே அனுப்பாமல் நானே உள்ளே போக வேண்டும் என்று இருந்தது.

இங்கேதான் என் மச்சான் பாபு நுழைந்தான். கஸ்தூரியின் தம்பி. சித்தூரில் மாம்பழக் கூழ் தொழிற்சாலையில் வேலை. கூப்பிடாமலே கூட வந்தான்.

"இன்னா மாமா நீங்க, யாரையும் தெரியாம ஒரு எடத்துக்குப் போவாங்களா? கப்பல்லயே நம்ம ஊரு ஆளு வேல செய்றான். முரளின்னு, கங்காதர நெல்லூருக்காரன். நேரா உள்ளார இட்டுக்கினு போயி மேல்மாடியில குந்த வெச்சிடுவான்."

இதைக் கேட்டு நான் சிரித்திருக்க வேண்டும். ஆனால் நான் திருப்பதிக்காரன். எங்கள் ஊரில் பிறந்த குழந்தையின் காதில் பெயரைச் சொல்லும்போதே 'அங்கே யாரைத் தெரியும்?' என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுவார்கள் போலிருக்கிறது. வரிசை என்று ஒன்று இருந்தால் அதற்கு சிபாரிசு என்று ஒன்று இருந்தே தீரும் என்பது எங்கள் நம்பிக்கை. காசு கட்டினால் எவனையும் "வாங்க வாங்க" என்று கும்பிட்டு உள்ளே விடும் கேசினோவுக்கு சிபாரிசு தேடிய முதல் மனிதன் உலகத்திலேயே நானாகத்தான் இருப்பேன்.

சிபாரிசு என்றால் கையை வீசிக்கொண்டு போக முடியுமா? லட்டு எடுத்துக்கொண்டேன். ஒன்றிரண்டு அல்ல, ஒரு பெரிய பை நிறைய. அதற்கு மேல் முரளிக்கென்று தனியாக ஒரு பெரிய லட்டு. லட்டின் சக்தி வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. கரண்டு ஆபீசில் நீட்டினால் ஒயர்மேன் வருவார். டாக்டரிடம் நீட்டினால் டோக்கன் முன்னால் வரும். ரயிலில் டிக்கெட் பரிசோதகர் லட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கஸ்தூரிக்குக் கீழ்ப் படுக்கை மாற்றிக் கொடுத்தார். நான் பாபுவைப் பெருமையாகப் பார்த்தேன். லட்டின் செல்வாக்கு வழியில் வரும் குண்டக்கல் ஸ்டேஷனோடு முடிந்துவிடும் என்று அப்போது தெரியாது.

சாயங்காலம் பணஜிப் படகுத்துறைக்குப் போனோம். கஸ்தூரி மாம்பழக் கலர் பட்டுப்புடவையில் வந்திருந்தாள். பணம் கட்டியதும் மூன்று பேர் மணிக்கட்டிலும் காகிதப் பட்டை ஒட்டினார்கள். சின்னப் படகு வந்து நம்மை ஏற்றிக்கொண்டு போய் நடு ஆற்றில் நிற்கும் கப்பலில் விடும். இன்னும் ஒரே ஒரு வாசல்தான். அங்கே பைகளைச் சோதிக்கும் எந்திரம் இருந்தது.

என் பை எந்திரத்துக்குள் போனது. திரையைப் பார்த்த காவலருக்கு முகம் மாறியது. எட்டிப் பார்த்தேன். வரிசையாக, நெருக்கமாக, உருண்டை உருண்டையாக இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கே நாட்டு வெடிகுண்டு போலத்தான் தெரிந்தது. பையைத் திறக்கச் சொன்னார். திறந்ததும் நெய்யும் ஏலக்காயும் பச்சைக் கற்பூரமும் மணந்தன. வெடிகுண்டு இப்படி மணக்காது என்பதை அவரும் ஒப்புக்கொண்டார். ஆனால் இந்தியில் சொன்னார்: வெளிச் சாப்பாட்டுக்கு உள்ளே அனுமதி இல்லை.

சாப்பாடா? எனக்கு வந்ததே கோபம்! "ஹலோ, யே கானா நஹி! பிரசாத்! திருப்பதி பிரசாத்!" என்றேன். (எனக்குத் தெரிந்த மொத்த இந்தியும் அதில் செலவாகிவிட்டது.) அவர் பக்தியோடு கையெடுத்துக் கும்பிட்டார். கும்பிட்ட கையாலேயே சாமான் வைக்கும் அறையைக் காட்டினார். போய்ப் பார்த்தேன். அலமாரி முழுக்க ஹெல்மெட்டும் செருப்பும், ஒரு ஓரத்தில் யாரோ பாதி குடித்து வைத்த பாட்டிலும்.

"செருப்புக்குப் பக்கத்துல பிரசாதத்த வெக்கிறதா? நல்லா கீதே ஞாயம்!" என்றாள் கஸ்தூரி. அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை.

"முரளி கீறான் இல்ல மாமா, ஃபோன் போடுங்க" என்றான் பாபு. போட்டேன்.

"சார், வணக்கம் சார்! பாபு அண்ணா சொன்னாரு. நான் லீவுல ஊருக்கு வந்துகீறேன் சார்" என்றான் முரளி. "இப்ப திருமலையிலதான் கீறேன். பொண்டாட்டி புள்ளைங்கல்லாம் கூடவே கீறாங்க. இன்னா சார் இங்க இவ்ளோ கூட்டம்! எந்தப் பக்கமா போனா சீக்கிரமா வுடுவாங்கன்னு உங்களுக்குத் தெரியுமாமே?"

என் லட்டு அவன் படகுத்துறையில். அவன் என் ஊர் வரிசையில். தலையை எங்கே முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை. ஆனாலும் பழக்கதோஷம், எந்த வாசல், எந்தப் பக்கம், குழந்தைகளோடு வந்தால் எப்படிப் போக வேண்டும் என்று எல்லாவற்றையும் விவரமாகச் சொல்லிக் கொடுத்தேன். கோவாவில் நின்றுகொண்டே ஒரு குடும்பத்தைப் பெருமாள் முன்னால் கொண்டு நிறுத்த என்னால் முடிகிறது. கண்ணெதிரே நிற்கும் கப்பலில் ஏற முடியவில்லை.

"அங்கியே நில்லுங்க சார், என் ஃப்ரெண்ட அனுப்புறேன், உள்ள இட்டுக்கினு போவான்" என்று சொல்லிவிட்டு முரளி ஃபோனை வைத்தான். அதற்குள் படகு வந்துவிட்டது.

"நீங்க எதனா பண்ணிட்டு அடுத்த படகுல வாங்க. நான் போயி எடம் புட்ச்சி வெக்கிறேன்" என்றாள் கஸ்தூரி.

"நீயாவது இருடா" என்றேன் பாபுவிடம்.

"அக்கா தனியா போவுமா மாமா?" என்று கேட்டுவிட்டு, அக்காவுக்கு முன்னால் ஓடிப்போய்ப் படகில் ஏறினான்.

முரளியின் நண்பன் வருவான், வருவான் என்று நின்றேன். வரவில்லை. லட்டு தீர்ந்தால்தான் நான் உள்ளே போக முடியும் என்று புரிந்தது. பக்கத்தில் ஐதராபாத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் நின்றிருந்தது. தயங்கித் தயங்கி ஒரு லட்டை நீட்டினேன். அந்த அம்மாள் அதை முகர்ந்தாள். கண்கள் விரிந்தன. சட்டென்று ஹைஹீல்ஸைக் கழற்றி ஓரமாக விட்டாள். "சாமியே மன கோசம் இக்கட தாக்கா ஒச்சாடண்டி!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். (சாமியே நம்மைத் தேடி இங்கே வரைக்கும் வந்துவிட்டாராம். சாமி எங்கே வந்தார்? வந்தவன் நான்.)

அவ்வளவுதான். சூதாட வந்தவர்களுக்கு இருக்கிற பக்தி கோயிலுக்கு வருகிறவர்களுக்கு இருக்காது என்பதை அன்றைக்குக் கண்டேன். கருப்புக் கண்ணாடி போட்டவர்களும், பளபளா சட்டை போட்டவர்களும் செருப்பைக் கழற்றிவிட்டு என் முன்னால் கையேந்தி நின்றார்கள். ஒருவர் லட்டு நெய்யை வலது உள்ளங்கையில் தேய்த்துக்கொண்டார், பகடை உருட்டும் கையாம். வரிசையைப் பார்த்துவிட்டு அதுதான் கப்பலுக்குப் போகும் வரிசை என்று நினைத்துப் பின்னால் வந்து நின்றவர்கள் வேறு. "இது ஃப்ரீயா, ஸ்பெஷலா?" என்று ஒரு தமிழ்க் குரல் கேட்டது. ஆடித் தோற்றுக் கரைக்குத் திரும்பிய ஒருவர், "போறப்ப குடுத்திருந்தா நான் ஜெயிச்சிருப்பேன்ல?" என்று என்னிடம் சண்டைக்கு வந்தார். நான் என்ன அவரை ஆடச் சொன்னேனா?

கொஞ்சம் பொறுமை இழந்தேன் என்பது உண்மைதான். ஒரே ஆள் தொப்பியை மாற்றிக்கொண்டு இரண்டாம் தடவை வந்தால் யாருக்குத்தான் கோபம் வராது? "ஆளுக்கு ஒண்ணுதான்! வாங்கினவங்க நகருங்க! தள்ளாதீங்க! ஜருகண்டி! ஜருகண்டி!" என்று ஒரு குரல் ஆற்றங்கரை அதிரக் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது என் குரல் என்று தெரிந்தது. மலைமேல் சன்னிதியில் ஒரு நொடி நின்று கும்பிடுவதற்குள் நம் முதுகைத் தொட்டு நகர்த்துவார்களே, அந்த ஜருகண்டி. ஆயுள் முழுக்க அதைக் கேட்டு எரிச்சல்பட்டவன், விடுமுறைக்கு வந்த இடத்தில் சம்பளம் இல்லாமல் அதையே செய்துகொண்டிருந்தேன்.

சத்தம் கேட்டு மேற்பார்வையாளர் வந்தார். வழியை மறித்துக்கொண்டு இங்கே பண்டம் விற்கக் கூடாது என்றார். "விக்கிறேனா! யார்கிட்டயாவது ஒரு காசு வாங்கினேனா?" என்று கையை உயர்த்தினேன். உயர்த்திய கையில் பட்டை இல்லை. விரலெல்லாம் நெய், மணிக்கட்டெல்லாம் நெய். பசை விட்டு எங்கேயோ வழுக்கி விழுந்துவிட்டிருக்கிறது. பட்டை இல்லாவிட்டால் கட்டிய காசும் இல்லை, கப்பலும் இல்லை என்று சொல்லி, என்னை மரியாதையாகத் தோளைப் பிடித்து வெளியே கொண்டுவந்து நடைபாதையில் விட்டார்கள். இருபது வருடத்துக்கு முன்னால் கொடுத்த வாக்கு ஆற்றின் நடுவே விளக்குப் போட்டு மின்னிக்கொண்டிருந்தது. அதிலிருந்து பாட்டுச் சத்தம் வேறு. அழுகை வந்தது என்று சொல்ல மாட்டேன். வந்தது.

பையில் மிச்சம் இருந்தது முரளியின் பெரிய லட்டு ஒன்றுதான். அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது ஃபோன் அடித்தது.

"சார், நீங்க சொன்ன மாதிரியே போனேன் சார். திவ்யமான தரிசனம்! கண்ணுல தண்ணியே வந்திடுச்சி" என்றான் முரளி. "லட்டு கவுன்டர்ல நிக்கிறேன். நாளைக்கு கோவாவுக்குக் கெளம்புறேன், கப்பல்ல எல்லாருக்கும் எடுத்துக்கினு வர்றேன். உங்களுக்கும் எதனா வேணுமா சார்?"

ஃபோனை அணைத்தேன். அவனுடைய லட்டைப் பிட்டு நானே தின்றேன்.

கஸ்தூரி திரும்பி வந்தபோது முகமெல்லாம் வெளிச்சம். மேல்தளத்தில் காற்று எப்படி அடித்தது, யாரோ கூப்பிட்டு எப்படி ஆட வைத்தார்கள் என்று மூச்சு விடாமல் சொன்னாள். "பகடையக் குடுத்தாங்க. நான் உருட்டினா ஆறாவே வியுதுங்க! நீங்கதான் போர்டுல இன்னாமோ எய்துவீங்களே, அது தப்பு போல" என்றாள். அப்புறம் குரல் இறங்கியது. "கடேசி வரிக்கும் பக்கத்து நாற்காலியில யாரையும் குந்த வுடல. ஏன் வர்ல?" அதற்கு மட்டும் எனக்குக் கோபம் வரவில்லை.

கப்பலின் மேல்தளத்தில் பாபு எடுத்த படம் ஒன்று உண்டு. அதைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, கல்யாண நாள் பரிசு என்று அவனே எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டிவிட்டான். முன்னால் கஸ்தூரி புடவைத் தலைப்பு பறக்கச் சிரிக்கிறாள். பின்னால் கரையில் ஒரு கூட்டம் கைகூப்பி நிற்கிறது, நடுவே ஒருவர் கையை உயர்த்தி எதையோ அருள்கிறார். தரிசனத்துக்கு வருகிற சொந்தக்காரர்கள் யாராக இருந்தாலும் அந்தப் படத்தைத் தாண்டித்தான் சாப்பிடப் போக வேண்டும். போன வாரம் வேலூரிலிருந்து வந்த ஒரு பெரியம்மா, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தார். பிறகு பயபக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டு கேட்டார்:

"யாரும்மா இந்தப் பெரியவரு? ரொம்ப சக்தி உள்ளவரு போலக்கீதே?"

தோசை திருப்பிக்கொண்டிருந்த கஸ்தூரி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எங்க வூட்டுக்காரருதான் பெரிம்மா. அல்லாரையும் உள்ளார அனுப்பிட்டு வெளிய நிப்பாரு. உங்க செருப்பையும் ஃபோனையும் அவருகிட்டயே குடுத்துட்டுப் போங்க."