ஹாரன் அண்ணன் காதோடு சொன்னது

பெங்களூரு ஹெப்பகோடியில் ரகசியம் என்ற ஒன்றே இல்லாமல் போனதற்கு ஒரே ஒரு மனிதர்தான் காரணம். என் டீக்கடைக்குத் தினமும் வரும் ஹாரன் அண்ணன்.

கோலார் தங்கவயல்காரர். கம்பெனி பஸ் டிரைவர். பழைய வண்டிகளில் இன்ஜின் பக்கத்திலேயே உட்கார்ந்து ஓட்டி, தன் குரல் தனக்கே கேட்காமல் போய்விட்டது. அதனால் ஊருக்கே கேட்கும்படி பேசுவார். "சர்க்கரை வேணாம்மா, டாக்டர் திட்றாரு" என்று அவர் சொன்னால், எதிர் மருந்துக்கடைக்காரர் மாத்திரையை எடுத்து வைத்துவிடுவார்.

ஒருமுறை ஒரு பையன் அவர் காதில் என்னவோ கிசுகிசுத்தான். "வேலைய விடப் போறியா? சூப்பர்வைசருக்குத் தெரியாம பாத்துக்கோ!" என்றார் அண்ணன். சூப்பர்வைசர் பக்கத்து பெஞ்சில் டீயில் பன்னைத் தோய்த்துக்கொண்டிருந்தார். பன் பாதி உள்ளேயே விழுந்துவிட்டது.

ரகசியம் காப்பதில் அவருக்குப் பெருமை வேறு. "என் வயித்துக்குள்ள போனது வெளிய வராதும்மா!"

செல்வியும் மஞ்சுவும் ஷிஃப்ட் முடிந்ததும் என் கடை மூலையில் உட்கார்ந்து ஒரு டீயை இரண்டாக்கி 'பை டூ' குடிப்பார்கள். மஞ்சு கன்னடப் பையன். பாதி டீதான் என்றாலும் இரண்டு கிளாஸையும் நான் நிறைத்தே கொடுப்பேன். செல்வி வீட்டில் காதல் விஷயம் தெரியாது.

ஒரு சாயங்காலம் செல்வியின் அப்பா கடைக்குள் நுழைந்தார். மகளைப் பார்க்கவில்லை, "ஸ்ட்ராங்கா ஒண்ணு" என்றார். ஹாரன் அண்ணனுக்குக் கண்ணைக் காட்டினேன். புரிந்துகொண்டார். குனிந்து, மஞ்சுவின் காதோடு வாயை வைத்தார்.

"செல்வி அப்பா வந்துட்டாரு! நீ அந்தப் பொண்ணைக் கட்டிக்கப் போறத நான் மூச்சு விட மாட்டேன்!"

ஆட்டோ ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது.

"யார்ரா நீ?" என்று பாய்ந்தார் அப்பா. மஞ்சுவுக்குத் தெரிந்த தமிழெல்லாம் மறந்துபோனது. "அங்கிள், செல்வின சென்னாகி நோட்கோத்தீனி" என்றான். நன்றாகப் பார்த்துக்கொள்வானாம். செல்வி அழ ஆரம்பித்தாள். அப்பா கையை ஓங்கியதும் நான் கரண்டியோடு நடுவில் போய் நின்றேன்.

அதற்குள் ஹாரன் அண்ணன் அவரைத் தோளோடு அணைத்து, தனியாகப் பேச வெளியே கூட்டிப்போனார். தனிப் பேச்சை உள்ளிருந்தே நாங்கள் எல்லோரும் கேட்டோம்.

"கன்னடப் பையன்னா என்ன சார்? எம் பொண்டாட்டியும் கன்னடம்தான். ரெண்டு பாஷையிலயும் திட்றா. நான் சந்தோஷமா இல்லையா? இவன் தினம் என் வண்டியிலதான் வர்றான். லேடீஸ் நின்னா எந்திரிச்சு எடம் குடுப்பான். ஒரு நாள் குடிச்சுட்டு ஏறுனதில்ல. உங்க பொண்ணு அழுவுது பாருங்க சார்!"

அப்பா திரும்பி மகளைப் பார்த்தார். பிறகு உள்ளே வந்து மஞ்சுவின் எதிரில் உட்கார்ந்தார்.

"ஞாயித்துக்கிழமை உங்கம்மாவ வீட்டுக்குக் கூட்டிட்டு வா. இந்தாள மட்டும் கூட்டிட்டு வராத."

கடைசியில் செல்வி அப்பாவே ஹாரன் அண்ணனைத் தேடி வந்து பத்திரிகை வைத்தார். கல்யாணப் பந்தியில் அண்ணனுக்குப் பக்கத்து இலை மட்டும் காலியாக இருந்தது. காதுக்குப் பயந்து யாரும் உட்காரவில்லை. நான் போய் உட்கார்ந்தேன்.

"பாயசம் இன்னொரு கரண்டி கேக்கட்டுமாம்மா?" என்று ரகசியமாகக் கேட்டார். மண்டபமே என்னைப் பார்த்தது.

"கேளுங்கண்ணே" என்றேன்.