கணக்கில் வராத மூன்று மீன்

மாவனல்லையில் பஸ்ஸைவிட்டு இறங்கும்போதே கன்னையா முடிவெடுத்துவிட்டார். வீட்டில் சொல்லப்போவதில்லை. ஐம்பத்திரண்டு வயது மனிதர். தோட்டத்து ரப்பர் பெக்டரியில் இருபது வருஷமாகப் பால் நிறுக்கிறவர். மூன்று மீன் வாங்க மனைவியிடம் உத்தரவு கேட்பதா?

போன கிழமை கேட்டுத்தான் பார்த்தார்.

"மீனா?" என்றாள் கிருஷ்ணகுமாரி. "தொட்டி வந்து ஆறு வருஷம். ஒரு நாளாவது அதைத் தொட்டீங்களா? உங்களுக்குப் பாக்கிறதுக்கு மீனு, எனக்குக் கழுவுறதுக்கு மீனு. இனி ஒரு மீன் வரணும்னா முதல்ல கழுவுற கை மாறணும்."

பேச்சு அதோடு முடிந்தது.

தொட்டி மகள் ஷாமிளாவுடையது. அவள் படிக்கப் பேராதனைக்குப் போய் நாலு மாதம். போகும்போது முட்டைக் கண் கறுப்பு மீனைக் காட்டி, "அப்பா, கறுப்பன பத்திரமா பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். கறுப்பனோடு நாலு செம்மஞ்சள் மீன்கள். அன்றிலிருந்து கன்னையாவுக்குச் சாயங்காலம் என்றால் அந்தத் தொட்டிதான். டீவி அலறினாலும் வீடு வெறிச்சென்றிருந்தது. இன்னும் ரெண்டு மூன்று மீன் கூடினால் வீடு கொஞ்சம் நிறையும் என்று அவருக்கு எப்படியோ தோன்றிவிட்டது. அதை வாய்விட்டுச் சொல்ல வெட்கம்.

மீன்கடை மஷூர் மூன்று செம்மஞ்சள் மீனைப் பையில் போட்டுக்கொண்டே கேட்டார்.

"வீட்டுல பழைய மீன் ஈக்கிதா?"

"அஞ்சு இருக்குங்க."

"அப்ப நேரா போட வாணாம். ரெண்டு கெழம வேற பேசின்ல வெச்சிப் பாத்துட்டுப் போடுங்க. புதுசுக்கு நோய் ஈந்தா பழசும் சேந்து போயிரும்."

"ஹரி, ஹரி" என்று சிங்களத்தில் சரி சொல்லிவைத்தார் கன்னையா. ஒளித்துக் கொண்டுபோகிற மீனுக்குத் தனிவீடு வேறா?

குமாரி கோயிலுக்குப் போயிருந்தாள். பையைத் தண்ணீரில் மிதக்கவிட்டுப் பழக்கவும் பொறுமையில்லை. வந்த வேகத்தில் அப்படியே கவிழ்த்தார். செம்மஞ்சள் நாலு ஏழானது. யார் எண்ணப்போகிறார்கள்? எண்ணி முடிக்கும்வரை காலைப் பெரட்டில் பேர் கொடுக்க ஆட்கள் நிற்பதுபோல மீன் வரிசையாகவா நிற்கும்?

குமாரி வந்தாள். தொட்டியைப் பார்த்தாள். தேத்தண்ணி ஊற்றினாள். ஒன்றும் கேட்கவில்லை. இந்த வீட்டில் கடைசியில் தன் மூளைக்கும் ஒரு மதிப்பு வந்துவிட்டது என்று கன்னையா நிம்மதியாகத் தூங்கினார்.

மறுநாள் வேலை முடிந்து வந்து செம்மஞ்சளை எண்ணினால், நாலு. கண்ணாடியைத் துடைத்துவிட்டு எண்ணினார். நாலு. குனிந்து கீழேயிருந்து எண்ணினார். அப்போதும் நாலுதான்.

"என்னாங்க தேடுறீங்க?"

"ஒன்னுமில்ல. மீன் எல்லாம் நல்லா இருக்கா?"

"எல்லாம்னா?"

"எல்லாம்னா… எல்லாம்."

"அஞ்சும் நல்லாத்தான் இருக்கு" என்றாள் குமாரி.

வாங்காத மீன் காணாமல் போனதாக எப்படிச் சொல்வது? கறுப்பனைச் சந்தேகமாகப் பார்த்தார். அந்த முட்டைக் கண்ணோ எப்போதுமே திருடிவிட்டு அகப்பட்ட முழி முழிக்கிற கண். அதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது.

அன்று மாலையே குமாரி மூக்கைச் சுளித்தாள். "தொட்டியில கல்லுக்கடியில என்னமோ நாறுது. செத்த நாத்தம்."

கன்னையா துள்ளி எழுந்தார். "நீ இரு, நான் பாக்கிறேன்!"

குமாரி வழி சொல்லிக்கொடுத்தாள். குழாயின் ஒரு முனையைக் கல்லுக்குள் விட்டு அழுக்கை வாளிக்கு இழுக்க வேண்டும். கால்வாசித் தண்ணீருக்கு மேல் எடுக்கக்கூடாது. முந்தின நாளே பிடித்துவைத்த தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். தண்ணீர் வடிகட்டுகிற பஞ்சைப் பைப்பில் கழுவாமல், எடுத்த தண்ணீரிலேயே பிழிய வேண்டும். கன்னையா கல் கல்லாகப் புரட்டினார். ஒரு செதில்கூடக் கிடைக்கவில்லை. அடுத்த நாளும் நாறுவதாகச் சொன்னாள். அதற்கடுத்த நாளும்.

குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போனது. இதை ஆறு வருஷமாக ஒருத்தி முனகாமல் செய்திருக்கிறாள் என்பது அப்போதுதான் உறைத்தது. கறுப்பன் பயமில்லாமல் வந்து அவர் விரலை முட்டும். மஷூர் சொன்னது ஞாபகம் வரும். தன் அவசரத்தால் இதுவும் போய்விட்டால்? போனில் ஷாமிளா, "அப்பா, கறுப்பன காட்டுங்க" என்றபோது அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இரண்டு கிழமை, முழுசாகப் பதினாலு நாள், தாக்குப்பிடித்தார். ஞாயிற்றுக்கிழமை காலை உடைந்துவிட்டார்.

"குமாரி, நான் மூனு மீன் வாங்கினேன். உனக்குத் தெரியாம. மூனும் செத்துப் போச்சு."

குமாரி எழுந்து பின்பக்கம் போனாள். துணி ஊறவைக்கிற பெரிய பேசினைத் தூக்க முடியாமல் தூக்கிவந்து வைத்து, மேலே கிடந்த பழைய சீலையை விலக்கினாள். உள்ளே மூன்று செம்மஞ்சள் மீன் சுறுசுறுப்பாகச் சுற்றிக்கொண்டிருந்தன.

"துணி ஊறுதுன்னு நினைச்சா இந்தப் பக்கமே வரமாட்டீங்கன்னு தெரியும்" என்றாள். "உங்களுக்கு ஏழும் ஒன்னு. எனக்கு மூனோட வால்ல உப்பைத் தூவுன மாதிரி வெள்ளைப்புள்ளி தெரிஞ்சிச்சு. நீங்க வீசுன பையில கடை போன் நம்பர் இருந்திச்சு. குப்பை கொட்டுறதும் நான்தானே? மஷூர் நானாகிட்ட கேட்டு, உப்புத்தண்ணியில வச்சுக் காப்பாத்தினேன்."

"அப்ப அந்த நாத்தம்?"

"ஏது நாத்தம்? ஒரு ராத்திரி பூரா இதுங்க தொட்டிக்குள்ள கிடந்திச்சு. நோய் கல்லுக்குள்ள இறங்கியிருக்கும், தினமும் உறிஞ்சி எடுத்தாத்தான் கறுப்பன் தப்பும்னு நானா சொன்னாரு. கழுவுங்கன்னா கழுவுவீங்களா? பொணம் தேடச் சொன்னா தேடுவீங்க."

கன்னையா பேசினுக்குப் பக்கத்தில் குந்தி மூன்றையும் எண்ணினார். பிறகு மெதுவாக, "ஏன் வாங்கினேன்னு நீ கேக்கவே இல்லியே" என்றார்.

"கேக்கணுமா? அவ போய் நாலு மாசம். நான் இன்னும் மூனு பேருக்குத்தான் சோறு வடிக்கிறேன்."

இருவரும் மீன்களைத் தண்ணீரோடு ஒரு பையில் எடுத்துத் தொட்டியில் மிதக்கவிட்டார்கள். கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டித் தண்ணீரைப் பைக்குள் விட்டபடி அரைமணி நேரம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு குமாரி பையின் வாயைத் திறந்தாள். மூன்றும் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. கறுப்பன் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தன் பாட்டில் போனான்.

கன்னையா குமாரி பக்கம் திரும்பினார். "இனிமே உங்கிட்ட கேக்காம ஒரு மீன்கூட வாங்கமாட்டேன்."

"தாராளமா வாங்குங்க. எட்டு மீனுக்கு இந்தத் தொட்டி பத்தாது. நாலடித் தொட்டி ஒன்னு கடையில சொல்லியிருக்கேன், நாளைக்கு வருது."

"நாலடியா? அதை யாரு கழுவுறது?"

"ஆளைப் பழக்கிட்டுத்தானே சொல்லியிருக்கேன்!"