காலியாகத் திரும்பாத கேரியர்

கேரியர் முதன்முதலில் திரும்பி வந்தபோது உள்ளே இருந்த பலகாரம் கச்சாயமா ஒப்பிட்டா என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. அதைத் தூக்கி வந்த தேவதாஸைக் கேட்டால் அவரும் யோசிப்பார். போனபோது இருந்ததைவிட வந்தபோது கனமாக இருந்தது என்பது மட்டும் நிச்சயம்.

பீளமேட்டில் மாதா கோயிலுக்குப் பின்னால், நோயாளிகளுக்குச் சமைத்து அனுப்பும் சமையலறையை அவர் மனைவி அற்புதம் பார்த்துக்கொண்டார். பம்ப் கம்பெனியில் ஓய்வு பெற்ற தேவதாஸ் ஸ்கூட்டரில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, முந்தின நாள் கேரியரை வாங்கி வருவார். பலகாரம் வைத்து அனுப்பியது அப்படிச் சாப்பாடு போகும் உக்கடத்து வீடு ஒன்றின் மாசாணியம்மாள்; அவருக்குப் புற்றுநோய் சிகிச்சை. எடை இன்னும் குறைந்தால் அடுத்த ஊசியைத் தள்ளிப்போட வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"அந்தம்மா அடுப்புக்கிட்ட நிக்கக் கூடாதுன்னுதானுங்க நாம சமைக்கறோம். நீங்க பலகாரம் வாங்கிட்டு வர்றீங்க," என்றார் அற்புதம்.

மறுநாள் தேவதாஸ் மாசாணியம்மாள் வீட்டு வாசலில் நின்று, "கேரியர்ல ஒண்ணும் வெக்காதீங்க அம்மிணி," என்றார்.

"வெறும் பாத்திரத்தைக் குடுத்து உடறதுங்களா? எங்கூட்டுல அந்தப் பழக்கமில்லீங்ணா."

"எனக்குச் சக்கரை இருக்குதுங்க."

அடுத்த நாள் மூன்று அடுக்கிலும் அரிசிம்பருப்புச் சோறு, பொரியல், ரசம்.

"பலகாரத்தோட போயிருக்கும். இப்ப முழுச் சமையலே செய்ய வெச்சுட்டீங்க," என்ற அற்புதம் ரசத்தை வாயில் வைத்துவிட்டு முகத்தைச் சுளித்தார். உப்பு அள்ளிப் போட்டிருந்தது.

நிரப்பித் தரப் பாத்திரமே இல்லாதபடி, தேவதாஸ் சாப்பாட்டை இலையில் கட்டிப் பொட்டலமாகக் கொண்டுபோனார். மாசாணியம்மாள் சொந்தக் கேரியர் ஒன்றை நிரப்பிக் கொடுத்தார். அதைக் கழுவித் துடைத்து, திருப்பிக் கொடுக்கக் கிளம்பியபோது அற்புதம் மறித்தார்.

"வெறும் கேரியரையா எடுத்துட்டுப் போறீங்க?"

தேவதாஸ் மனைவியையே பார்த்துக்கொண்டு நின்றார். "நீயுமா?"

"அவங்க என்ன நெனப்பாங்க?"

முறுக்கு போனது. முறுக்குக்குப் பதில் மரியாதையாக நாட்டுக்கோழிக் குழம்பு வந்தது.

கடைசியில் தேவதாஸ் பொட்டலத்தைக் கதவில் மாட்டிவிட்டு, கூப்பிடுவதற்குள் வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டார். மத்தியானமே மாசாணியம்மாளின் கணவர் சென்னியப்பன் டவுன் பஸ் ஏறிக் கேரியரோடு பீளமேட்டுக்கு வந்து நின்றார். வயிற்றுக்கு மேல் சட்டைப் பொத்தான் இழுத்துக்கொண்டிருந்தது.

"எங்களால அம்மிணிக்குத்தான் தொந்தரவுங்க," என்றார் தேவதாஸ். "நாளையிலிருந்து நிறுத்திக்கலாம்."

சென்னியப்பன் கேரியரைக் கீழே வைத்தார்.

"நிறுத்திப்போடாதீங்ணா. ஊசி போட்டதுலேர்ந்து அவளுக்கு நாக்குல ருசியே தெரியலீங்க. எது குடுத்தாலும் வேண்டாம்னுடறா. உங்களுக்குச் செய்யறப்ப மட்டும், உப்புச் செரியா இருக்குதான்னு வாயில வெச்சுப் பாக்கறா. தெரியறதில்லீங்களா, மறுக்கா வெச்சுப் பாக்கறா. அப்படியே ஒரு கிண்ணம் உள்ள போயிருது. நீங்க கொண்டார்ற சோத்தை இத்தனை நாளா நாந்தானுங்க சாப்பிடறேன்."

மாசாணியம்மாளின் எடை குறையவில்லை. ஊசி சொன்ன தேதியில் போடப்பட்டது. சென்னியப்பன் புதுச் சட்டை தைத்துக்கொண்டார். அற்புதம் முறுக்கு சுடுகிறார். தேவதாஸ் உப்பைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல் உக்கடம் போய் வருகிறார், போகும்போதும் கனத்தோடு, வரும்போதும் கனத்தோடு.