மேட்னிக்கு வந்த கூட்டம்

ஹவுஸ்ஃபுல் பலகையை விரலால் தட்டிக் காட்டினார் நாமகிரிப்பேட்டையிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்த மஞ்சள் வியாபாரி.

"ஏனுங்க, கதவைத் தள்ளி எட்டிப் பாத்தனுங்க. ஒரு ஈ காக்கா இல்லீங்க. இது எப்படீங்க ஹவுஸ்ஃபுல்லு?"

கவுன்டருக்குள் இருந்த அருணகிரி கம்ப்யூட்டர் திரையை அவர் பக்கம் திருப்பினார். நானூற்றுப் பன்னிரண்டு இருக்கைகளும் சிவப்பு. அத்தனையும் விற்றாகிவிட்டன.

"எல்லாம் ஆன்லைன்லயே போயிருச்சுங்க."

"வாங்குனவங்க எங்கீங்க?"

"வருவாங்க."

"படம் போட்டு முக்கா மணி நேரமாச்சுங்களே!"

அருணகிரி திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். நாமக்கல்லில் சௌந்திரம் தியேட்டருக்கு அவர் மேனேஜராகி இருபத்திரண்டு வருடம் ஆகிறது. ஓடாத படத்தைப் பார்த்திருக்கிறார். எல்லா டிக்கெட்டும் விற்று, ஒருவரும் வராத படத்தை இந்தப் பத்தொன்பது நாட்களாகத்தான் பார்க்கிறார்.

வாங்கியது கட்சி. கட்சியின் கலைப் பிரிவு மாவட்ட அமைப்பாளர் ஜெகதீஸ்வரன் முதல் நாளே வந்து விளக்கிவிட்டார். படத்தை எடுத்த கம்பெனிக்காரர் சென்னையில் தயாரிப்பாளர்களுக்கும் கோட்டைக்கும் நடுவே போய்வருகிறவர். பிரச்சாரத்துக்கு நடிகைகளை அனுப்புவார், மாநாட்டுக்கு ஆட்டக்காரர்களை அனுப்புவார். இப்போது டிக்கெட் விலையை ஏற்றிக்கொள்ள அரசாணை கேட்கிறார். ஜனம் என்ன விலை வைத்தாலும் முட்டி மோதிக்கொண்டு வருகிறது என்று காட்டினால் ஆணை வந்துவிடும். அதைக் காட்டித் தருவது கட்சியின் பொறுப்பு.

"நீங்க படத்தை மட்டும் ஓட்டுங்கண்ணா. லைசென்ஸ் ஃபைலை நான் பாத்துக்கறேன்" என்றார் ஜெகதீஸ்வரன்.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அருணகிரி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். தியேட்டர் லைசென்ஸ் மாதக் கடைசியில் முடிகிறது. புதுப்பிக்கும் கோப்பு ஏதோ ஒரு மேஜையில் நகராமல் கிடந்தது. அது வராவிட்டால் இடித்துவிட்டு முட்டை குடோன் கட்டப்போவதாக முதலாளி செங்கோட்டையன் சொல்லிவிட்டார். முட்டைக்கு மேனேஜர் தேவையில்லை. ஐம்பத்து நான்கு வயதில் அருணகிரிக்கு வேறு தொழிலும் தெரியாது.

மஞ்சள் வியாபாரியின் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "சரி, சத்தமில்லாமப் போயி உக்காருங்க. டிக்கெட் வேண்டாம்" என்று ஆறு பேரையும் உள்ளே விட்டார்.

முதல் தவறு அது. கல்லூரியில் படிக்கும் வியாபாரியின் மகள் ரஞ்சிதா காலி வரிசைகளை வீடியோ எடுத்து, வெளியே வந்து ஹவுஸ்ஃபுல் பலகையையும் எடுத்து, 'எங்க ஊர்ல நாற்காலிக்குப் படம் காட்டுறாங்க' என்று எழுதிப் போட்டாள். சாயங்காலத்துக்குள் அது இளம்பிள்ளைச் சேலைக்கடை குரூப் வரைக்கும் போய்விட்டது.

மறுநாள் காலையில் ஜெகதீஸ்வரன் வந்தார்.

"யாருங்கண்ணா உள்ள விட்டது?"

"பாவமுன்னு..."

"பாவம் பாக்கறதுக்குக் கோயில் கட்டிருக்கலாம். தியேட்டர் எதுக்கு? உடனே கூட்டமா ஒரு வீடியோ போடுங்க."

அருணகிரி தன் பழைய போனைத் துழாவினார். எப்போதோ ஒரு பண்டிகைப் படத்துக்கு எடுத்த வீடியோ கிடைத்தது. தியேட்டர் நிரம்பி வழிந்தது. 'நேற்றைய மேட்னி' என்று எழுதிப் போட்டார். பத்தே நிமிடத்தில் வாசலில் டிக்கெட் கிழிக்கும் குணசீலன் ஓடி வந்தான்.

"சார், கூட்டம் மொத்தமும் மாஸ்க் போட்டிருக்குதுங்க."

"என்னது?"

"கொரோனா வருசத்து வீடியோங்க அது. கீழ நூத்தியெட்டுப் பேரு 'நாமக்கல்லுல மறுபடியும் பரவுதா'ன்னு கேக்கறாங்க."

அந்த வீடியோவும் சென்னை வரை போனது. வியாழக்கிழமை ஜெகதீஸ்வரனின் குரல் போனில் இறங்கி ஒலித்தது. "அண்ணா, படம் எடுத்த சென்னைக்காரரு ஞாயித்துக்கிழமை மேட்னிக்கு நேர்ல வாராரு. தியேட்டர் நெறஞ்சிருந்தா அன்னைக்கே உங்க ஃபைலு கையெழுத்தாகும். இல்லீன்னா குடோனுக்குப் பூட்டு வாங்கி வெச்சுக்குங்க."

அருணகிரி ராஜம்மாளைக் கூப்பிட்டார். மாவட்டத்தில் எந்தக் கட்சிக் கூட்டமென்றாலும் ஆள் கூட்டி வருவது ராஜம்மாள்தான். எப்போது கை தட்டுவது, எப்போது கோஷம் போடுவது, எதுவரை எழுந்திருக்கக் கூடாது என்பதெல்லாம் அவளுடைய ஆட்களுக்கு அத்துப்படி.

"நானூத்திப் பன்னண்டு தலை வேணுமுங்க. ஆனா இது கூட்டமில்ல, சினிமா" என்றார் அருணகிரி.

"ரெண்டும் ஒண்ணுதானுங்க. உக்காந்து கை தட்டோணும், அவ்வளவுதானே? பத்து வண்டில வாரேன், கவலைப்படாதீங்க சாமி."

ஞாயிறு மத்தியானம் ஒன்றரைக்கு அவளே போன் செய்தாள். "புதுச்சத்திரம் தாண்டிட்டோமுங்க." அதற்குப் பிறகு அவள் போன் எடுக்கவில்லை.

இரண்டேகாலுக்குக் கூட்டம் வந்தது.

வண்டி எதுவும் கண்ணில் படவில்லை. தெருக்கோடியிலிருந்து வெயிலில் நடந்து வந்தார்கள். வரிசை கலையவில்லை. தூரத்தில் இறக்கி நடத்திக் கூட்டி வருவது ராஜம்மாளின் வழக்கம்; தானாக வந்த கூட்டம் போலிருக்கும். அருணகிரிக்கு அவள்மேல் மரியாதை கூடியது.

"ராஜம்மா எங்கீங்க?" என்று முன்னால் வந்த ஒரு வயதான பெண்ணிடம் கேட்டார். அவள் அவரைப் பார்த்தாள். பதில் சொல்லாமல் உள்ளே போனாள். அவள் பின்னால் மற்றவர்களும் போனார்கள். நானூறு பேர் படியேறிய சத்தம் கேட்கவில்லை. குழந்தைகள் இல்லை. பூ வாசனை இல்லை, வியர்வை வாசனையும் இல்லை.

குணசீலன் வந்து அவர் காதருகே சொன்னான். "சார், யாரும் வழி கேக்கலீங்க. நேராப் போயி அவங்கவங்க சீட்டுல உக்காந்துட்டாங்க."

"அவங்கவங்க சீட்டா? அவங்களுக்கு ஏதுடா சீட்டு?"

"தெரியலீங்க. சி வரிசையில நான் ஒருத்தரைத் தள்ளி உக்காரச் சொன்னேன். இது என் எடம்னு கையால காட்டுனாரு. கையி... ஐஸ் மாதிரி இருந்துச்சுங்க."

"ஏசி வேலை செய்யுதுன்னு சந்தோசப்படு."

"ஏசிய நீங்கதானுங்க போன வாரமே நிறுத்தச் சொன்னீங்க."

அருணகிரி உள்ளே போய்ப் பார்த்தார். குளிர்ந்துதான் இருந்தது. வெளியேறும் கதவின் கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது.

இரண்டரைக்குச் சென்னைக்காரர் வந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளைச் செருப்பு. ஜெகதீஸ்வரன் கதவைத் திறந்து பிடித்தார். முழுத் தியேட்டரையும் பார்த்ததும் சென்னைக்காரரின் முகம் மலர்ந்தது. மூவரும் கடைசி வரிசைக்குப் பின்னால் போட்டிருந்த நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள்.

படம் ஓடியது. நகைச்சுவைக் காட்சி வந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. பாட்டு வந்தது. ஒருவரும் அசையவில்லை. நானூற்றுப் பன்னிரண்டு தலைகளும் ஒரே உயரத்தில், ஒரே பக்கமாக நின்றன.

"ரொம்ப டிசிப்ளின்டா இருக்காங்களே" என்றார் சென்னைக்காரர்.

"படத்துல ஒன்றிட்டாங்கண்ணா" என்றார் ஜெகதீஸ்வரன்.

இடைவேளை மணி அடித்தது. விளக்குகள் எரிந்தன. ஒருவரும் எழவில்லை. பாப்கார்ன் மெஷின் வெளியே தனியாகப் பொரித்துக்கொண்டிருந்தது. அருணகிரி பக்கவாட்டு வழியில் நடந்து பார்த்தார். யாருடைய கண்ணும் இமைக்கவில்லை. இருக்கையின் கைப்பிடிமேல் எல்லோருடைய இடது கையும் இருந்தது. ஆள்காட்டி விரலில் மை. தேர்தல் முடிந்து எத்தனையோ காலம் ஆகிறது. எந்த மை இத்தனை நாள் நிற்கும்? ராஜம்மாள் எதையோ பூசிக் கூட்டி வந்திருக்கிறாள், கட்சிக்காரர் கண்ணுக்கு நன்றாக இருக்கட்டும் என்று. அப்படித்தான் நினைத்துக்கொண்டார். வேறு மாதிரி நினைக்க அவருக்குத் தைரியம் இல்லை.

இரண்டாம் பாதியில் கதாநாயகன் தேர்தலில் நிற்கிறான். மேடையேறிக் கையைக் கூப்பி, "உங்க ஆதரவு எனக்கு வேணும்" என்கிறான்.

தியேட்டரில் நானூற்றுப் பன்னிரண்டு இடது கைகள் ஒன்றாக உயர்ந்தன. மை வைத்த விரல்கள் திரை வெளிச்சத்தில் நீட்டி நின்றன. காட்சி முடியும் வரை ஒன்றுகூடத் தாழவில்லை.

சென்னைக்காரர் முன்கையைத் தடவிக்கொண்டார். "புல்லரிக்குது சார். சென்னையில்கூட நான் இப்படிப் பார்த்ததில்லை." எழுந்து நின்று போனில் படம் பிடித்து அப்போதே யாருக்கோ அனுப்பினார்.

படம் முடிந்ததும் கூட்டம் வந்த மாதிரியே வரிசையாக வெளியேறியது. தெருக்கோடி திரும்பியதும் ஒருவரும் இல்லை.

வாசலில் நின்று சென்னைக்காரர் அருணகிரியின் கையைக் குலுக்கினார். "நாளைக்கே கோட்டைக்குப் போறேன். ஒரே ஒரு விஷயம் சார். படம் நூறு நாள் ஓடணும். இதே ஜனங்க, இதே மாதிரி, எல்லா ஷோவுக்கும் வரணும்."

"வருவாங்க, வருவாங்க" என்றார் ஜெகதீஸ்வரன். பிறகு அருணகிரியைத் தனியே இழுத்து, "கையெழுத்தாயிருச்சுங்கண்ணா, இப்பத்தான் மெசேஜ் வந்துச்சு. உங்க தியேட்டருக்கு அஞ்சு வருசத்துக்குக் கவலையில்லை. நூறு நாளு மட்டும் தவறக் கூடாது" என்றார்.

கார்கள் போயின. அருணகிரிக்கு அழுகை வரும்போலிருந்தது. ஐந்து வருடம். அதற்குள் மகளுக்குக் கல்யாணம் முடித்துவிடலாம்.

அப்போதுதான் பத்து மினி லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு வந்து நின்றன. முன் வண்டியிலிருந்து ராஜம்மாள் குதித்தாள். வண்டிகளில் சேலைகள், துண்டுகள், சாப்பாட்டுப் பொட்டலங்கள், ஏகச் சத்தம்.

"கோவிச்சுக்காதீங்க சாமி! புதுச்சத்திரம் தாண்டி ஒரு வண்டி டயரு வெடிச்சுருச்சு. மாத்து டயருக்குச் சேலம் வரைக்கும் ஆளு போச்சு. என்ற போனும் செத்துப் போச்சு. அடுத்த ஆட்டத்துக்கு உக்கார வெச்சுரட்டுங்களா?"

அருணகிரி அவளைப் பார்த்தார், வண்டிகளைப் பார்த்தார், தெருக்கோடியைப் பார்த்தார்.

"ராஜம்மா... இப்ப வந்துட்டுப் போனது உங்க ஆளுங்க இல்லீங்களா?"

"எங்காளுங்க இப்பத்தானுங்க வண்டில இருந்து எறங்கவே எறங்கறாங்க!"

குணசீலன் கையிலிருந்த டார்ச் கீழே விழுந்தது.

கட்சிக்காக ஆன்லைனில் டிக்கெட் போடும் மாதேஷ் ஸ்கூட்டரில் வந்து இறங்கினான். தெருமுனையில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருப்பவன். தேர்தல் வந்தால் கட்சியின் பூத் ஏஜென்டும் அவன்தான். வந்தவன் கையில் போனை நீட்டிப் பிடித்திருந்தான். சென்னைக்காரர் எடுத்த படம் கட்சி குரூப்புக்கு வந்திருந்தது. மாதேஷ் அதைப் பெரிதாக்கி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தான். உதடு வெளுத்திருந்தது.

"மேனேஜருங்க, இந்தப் போட்டோ எங்க எடுத்ததுங்க?"

"இங்கதான். மத்தியான ஆட்டத்துல. ஏன், உனக்குத் தெரிஞ்சவங்களா?"

"எல்லாரும் எங்க பூத்துதானுங்க."

"மாதேஷு," அருணகிரியின் குரல் கீழே போனது, "இன்னைக்கு ஆட்டத்துக்கு நீ யாரு பேர்ல டிக்கெட் போட்ட?"

"இதுவரைக்கும் கட்சி ஆபீஸ் பேர்லதானுங்க போட்டுட்டிருந்தேன். அந்தப் புள்ளை வீடியோ போட்டதுல இருந்து, ஒரே பேர்ல கூடாது, ஆளுக்கொரு பேரு வேணும்னு கண்டிசன் போட்டுட்டாங்க. இன்னைக்கு ஆட்டத்துல இருந்துதானுங்க பேரு மாத்துனேன். நூறு நாளைக்கும் சேத்திப் போட்டாச்சு."

"யாரு பேருன்னுதான் கேக்கறேன்."

மாதேஷ் போனைக் கவிழ்த்துப் பிடித்தான்.

"வோட்டர் லிஸ்ட்ல இருந்து செத்தவங்க பேராப் பாத்துத்தானுங்க போட்டேன், அவங்கன்னா சீட்டுக் கேட்டு வரமாட்டாங்கன்னு."